கல்யாண வேலைய அடுத்தவங்க கையில குடுக்கறது எப்படி

எங்க அக்கா கல்யாணத்துல தாலி கட்டுனத நான் பாக்கல. வெளியூர்ல எல்லாம் இல்ல, அதே மண்டபத்துலதான் இருந்தேன், ஆனா கரெக்டா அந்த நேரம் பாத்து ஸ்டோர் ரூம்ல நின்னு நெய் டின் எடுத்து குடுத்துட்டு இருந்தேன், ஏன்னா சாவி என் பேன்ட் பாக்கெட்ல. கெட்டிமேளம் காதுல விழுது, டின் கையில இருக்கு, சமையல் மாஸ்டரோட ஆளு எதுத்தாப்புல நிக்கிறாரு, அத குடுத்துட்டு பூட்டிட்டு ஓடி வர்றதுக்குள்ள எல்லாரும் அட்சதை போட்டு முடிச்சு பந்திக்கு எடம் பிடிக்க கெளம்பிட்டாங்க. அப்பறம் வீடியோலதான் பாத்தேன், அதுலயும் முன்னால ஒருத்தர் தலை மறைக்குது.

அன்னிக்கு எனக்கு ஒரு பெருமை, எல்லாம் நம்ம தலையில ஓடுதுன்னு. யார கேட்டாலும் "தம்பிட்ட கேளுங்க, தம்பிக்குத்தான் தெரியும்"னு சொல்வாங்க, கேக்க நல்லாத்தான் இருக்கும். அதுக்கப்பறம் சித்தப்பா மக கல்யாணம், மாமா பையன் கல்யாணம், என் தம்பி கல்யாணம்னு மூணு கல்யாணம் முன்னால நின்னு நடத்தியாச்சு, கடைசி ரெண்டுல நான் உக்காந்து சாப்ட்டேன், அதுவும் ரெண்டாவது பந்தியிலயே. அது எப்படின்னுதான் எழுதுறேன். மதுரைப் பக்கம் நடக்கற கல்யாணத்த வெச்சு சொல்றேன், உங்க பக்கம் முறை கொஞ்சம் மாறும், அதுக்கேத்த மாதிரி மாத்திக்கோங்க.

முதல்ல ஒண்ணு புரிஞ்சுக்கணும், கல்யாணத்துல ரெண்டு வகை வேலை இருக்கு. ஒண்ணு மரியாதைக்கு குடுக்கற வேலை, இன்னொண்ணு ஓடறதுக்கு குடுக்கற வேலை. இது ரெண்டையும் போட்டு குழப்புனாத்தான் பாதி சண்டையே வரும். பெரியப்பாவுக்கு 70 வயசு, அவர்ட்ட போய் பந்தி மேற்பார்வைய குடுத்தா முட்டி வலிக்கும், ரெண்டாவது பந்தியில உக்காந்துருவாரு. அதுக்காக ஒண்ணுமே குடுக்காம விட்டா "என்ன ஒரு வார்த்த கேக்கல"ன்னு அடுத்த பத்து வருசத்துக்கு சொல்லுவாரு. அவருக்கு வாசல்ல நின்னு வர்றவங்கள கும்புட்டு வரவேற்கற எடம், மாப்பிள்ளை வீட்டு பெரியவங்க கூட உக்காந்து பேசற எடம், பத்திரிகை வாசகத்த பாத்து திருத்தற எடம், இதெல்லாம் குடுக்கணும். சும்மா குடுக்கறதுன்னு நெனைக்காதீங்க, எங்க பெரியப்பா பத்திரிகை ப்ரூஃப்ல தாத்தா பேருக்கு முன்னால அமரர்னு போடாம விட்டத கண்டுபிடிச்சாரு, நாங்க நாலு பேரு பாத்தும் கண்ணுல படல. ஓடற வேலைய 20லருந்து 45 வயசுக்குள்ள இருக்கறவங்களுக்கு குடுங்க, ஆனா அவங்க செய்யறது பெரியவங்களுக்கு தெரியற மாதிரி குடுங்க, "பெரியப்பா, பூ வேலைய இவன்ட்ட விட்ருக்கேன், ஏதும்னா சத்தம் போடுங்க"ன்னு ஒரு வார்த்தை.

அடுத்தது வேலைய உடைக்கறது. லிஸ்ட்ல "சாப்பாடு - மாமா"ன்னு எழுதறவங்க நெறைய பேரு. சாப்பாடுங்கறது ஒரு வேலையே இல்ல, அதுக்குள்ள ஒம்பது பத்து வேலை இருக்கு. மாஸ்டர் குடுக்கற மளிகை லிஸ்ட்ட வாங்கறது, காய்கறிக்கு முதநாள் விடிகாலையில மார்க்கெட்டுக்கு போறது, பாலும் தயிரும் எத்தன மணிக்கு எறங்கணும்னு பேசறது, கேஸ் சிலிண்டர் (கமர்சியல் 19 கிலோ சிலிண்டர்தான், வீட்டு செகப்பு சிலிண்டர் மண்டபத்துல போடக்கூடாது), 20 லிட்டர் தண்ணி கேன் எண்ணிக்கை, ஸ்டோர் ரூம், பந்தி பாக்கறது, இலை எண்றது, மணமக்கள் ரூமுக்கு சாப்பாடு அனுப்பறது, ஐயருக்கும் மேளக்காரங்களுக்கும் வேன் டிரைவர்களுக்கும் சாப்பாடு ஆச்சான்னு பாக்கறது. கடைசியா சொன்னது யார் லிஸ்ட்லயும் இருக்காது, எல்லா கல்யாணத்துலயும் ஒரு டிரைவர் பசியோட வண்டியில படுத்திருப்பாரு.

உடைக்கறதுக்கு நான் பண்ற வழி இதுதான். கண்ண மூடிட்டு மண்டப வாசல்லருந்து நடங்க. முதநாள் மதியம் சாவி வாங்கறீங்க, மண்டப மேனேஜர் மீட்டர் ரீடிங் காட்றாரு, அத யாரு போட்டோ எடுக்கறது? வாழை மரம் வருது, கட்றவன் வந்தாச்சா? சமையல்காரங்க எறங்கறாங்க, பாத்திரம் எண்ணி வாங்கறது யாரு? பொண்ணு வீட்டு வேன் வருது, யாருக்கு எந்த ரூம்? இப்படியே மறுநாள் சாயந்திரம் சாவி திருப்பி குடுக்கற வரைக்கும் நடந்தா ஒரு 40 வேலை வரும். ஒரு நோட்டுல எழுதுங்க, ஒவ்வொண்ணுக்கும் எதுத்தாப்புல ஒரே ஒரு பேரு. "பசங்க பாத்துக்குவாங்க"ன்னு எழுதுனா யாரும் பாக்க மாட்டாங்க, ரெண்டு பேரு எழுதுனா ஒருத்தன் இன்னொருத்தன் பாத்துருப்பான்னு நெனச்சுக்குவான். தம்பி கல்யாணத்துல ஸ்டேஷனுக்கு யாரு போறதுன்னு "நம்ம ரெண்டு பேருல ஒருத்தர்"னு விட்டோம், அத்தையும் மாமாவும் மதுரை ஜங்ஷன்ல முக்கா மணி நேரம் பெட்டி மேல உக்காந்திருந்தாங்க. அத்தை இன்னும் சொல்லிக்காட்டுது.

ஆள் பாத்து குடுக்கறதுதான் கலையே. மத்ததெல்லாம் கூட எப்படியோ ஒப்பேத்திரலாம், மூணு எடத்துக்கு மட்டும் யோசிச்சு போடணும்.

ஸ்டோர் ரூம். இதுக்கு பாசக்கார ஆளு ஆகாது, இல்லன்னு சொல்லத் தெரிஞ்ச ஆளு வேணும். சமையக்கட்டுலருந்து அரை மணிக்கு ஒருக்கா ஆள் வரும், முந்திரி வேணும் எண்ணெய் வேணும்னு, வந்த சாமான் எவ்ளோ, எடுத்தது எவ்ளோன்னு ஒரு அட்டையில எழுதிட்டு குடுக்கணும். உறவுக்காரங்க வந்து "ஒரு நாலு தேங்கா குடு, கார்ல வெச்சுக்கறேன்"னு கேப்பாங்க, சிரிச்சுக்கிட்டே அனுப்பணும். எங்க வீட்ல இதுக்கு சரியான ஆளு சின்ன மதினி. ஸ்கூல் டீச்சர், எழுந்திரிச்சு சுத்தாது, யாருக்கும் பயப்படாது. சாவிய ஒரு கயித்துல கட்டி கழுத்துலயே போட்டுக்கிச்சு. தாலி கட்ற நேரத்துக்கு மட்டும் கால் மணி முன்னாடியே மாஸ்டர்ட்ட "இப்ப வேணுங்கறத எல்லாம் வாங்கிக்கோங்க, பூட்டப் போறேன்"னு சொல்லி குடுத்து பூட்டிட்டு மேடைக்கு வந்து நின்னுச்சு. எனக்கு அக்கா கல்யாணத்துல இந்த புத்தி வரல பாருங்க.

மொய் டேபிள். இங்க மட்டும் ரெண்டு பேரு வேணும், ஒருத்தர் எழுத, ஒருத்தர் பணம் வாங்கி எண்ணி பையில போட. எழுதறவருக்கு கையெழுத்து நல்லா இருக்கறது முக்கியம், அதவிட முக்கியம் ஊர் ஆளுங்கள தெரிஞ்சிருக்கறது. நம்ம மொய் நோட்டு இன்னும் இருபது வருசம் கழிச்சும் எடுத்து பாப்பாங்க, "முருகேசன் 501"னு எழுதி வெச்சா எந்த முருகேசன்னு எப்படி கண்டுபிடிக்கறது? ஊர் பேரு, அப்பா பேரு இல்லன்னா தொழில், எல்லாம் சேத்து எழுதறவரா இருக்கணும். இப்ப கம்ப்யூட்டர்ல மொய் எழுதி உடனே பில் குடுக்கற ஆளுங்களும் கூலிக்கு வர்றாங்க, அவங்கள போட்டாலும் பக்கத்துல நம்ம ஆளு ஒருத்தர் உக்காரணும், ஏன்னா ஊர் மொகம் அவங்களுக்கு தெரியாது. பங்காளியில ஒருத்தர், மாமன் மச்சான் பக்கம் ஒருத்தர்னு உக்கார வைங்க, ரெண்டு பக்கமும் பேச்சு வராது. பை நெறஞ்சா அத எங்க கொண்டு போய் யார்ட்ட குடுக்கணும்னு முன்னாடியே சொல்லிருங்க. நடுவுல எவனாவது வந்து "ஒரு ரெண்டாயிரம் குடுங்க, ஐஸ்காரனுக்கு"ன்னு மொய் பையிலருந்து கேட்டா குடுக்கக்கூடாதுன்னும் சேத்து சொல்லுங்க. கணக்கு ஒதைக்கறது அங்கதான்.

நகை. இதுக்கு ஒரே ஒரு பொம்பள ஆளு, அவங்களுக்கு வேற எந்த வேலையும் கெடையாது. எண்ணி குடுத்து எண்ணி வாங்கணும், சொந்த அக்காவா இருந்தாலும். "என்ன நம்பலையா"ன்னு வருத்தப்படுவாங்கன்னு தயங்காதீங்க, எண்றது அவங்களுக்குத்தான் பாதுகாப்பு, அதையும் சொல்லிட்டே எண்ணுங்க.

மத்த வேலைக்கெல்லாம் ஒரு சின்ன கணக்கு: ஓயாம போன் பேசறவன வண்டி ஏற்பாட்டுக்கு போடுங்க, சண்டைக்கு நிக்கறவன டெகரேஷன்காரன் கூட பேசறதுக்கு போடுங்க, காலேஜ் பசங்கள ட்ரெயின் டிக்கெட்டுக்கு போடுங்க. டிக்கெட்டுக்கு ஒரு விசயம், 2024 நவம்பர்லருந்து 60 நாளைக்கு முன்னாடிதான் ரிசர்வேஷன் தெறக்குது, முன்ன மாதிரி 120 நாள் இல்ல, ஒரு டிக்கெட்ல ஆறு பேருக்கு மேல போட முடியாது. அதனால சென்னையிலருந்து இருபது பேர் வர்றாங்கன்னா அந்த பையன்ட்ட தேதிய சொல்லி காலையில எட்டு மணிக்கு ரெடியா உக்காரச் சொல்லணும், சும்மா "டிக்கெட் பாத்துக்கடா"ன்னா முகூர்த்த சீசன்ல வெயிட்டிங் லிஸ்ட்தான்.

இப்ப எப்படி சொல்றதுன்னு வருவோம். வாட்ஸப் குரூப்ல "யாராவது மாலை வாங்கிட்டு வந்துருங்க"ன்னு போட்டா பதினெட்டு பேரு கட்டை விரல் போடுவாங்க, மாலை வராது. ஒவ்வொருத்தர்ட்டயும் தனியா, நேர்ல இல்லன்னா போன்ல பேசுங்க. பெரியவங்களா இருந்தா வீட்டுக்கே போயிருங்க, ஒரு காப்பி குடிச்சுட்டு பேசற பேச்சுக்கு மதிப்பு வேற. என்ன வேணும், எப்ப வேணும், எவ்ளோ பணம், எதுவரைக்கும் நீங்களே முடிவு பண்ணலாம், எதுக்கு என்னைய கேக்கணும், இவ்ளோதான் சொல்ல வேண்டியது. நான் சித்தப்பா பையன்ட்ட சொன்னத அப்படியே எழுதறேன்:

"மாப்பிள்ளை பொண்ணு மாலை ரெண்டு செட், முதநாள் ரிசப்ஷனுக்கு ஒண்ணு, காலையில முகூர்த்தத்துக்கு ஒண்ணு. ரிசப்ஷன் மாலை சாயந்திரம் 5 மணிக்கு, முகூர்த்த மாலை காலையில 4 மணிக்கு மண்டபத்துல இருக்கணும். உதிரிப்பூவும் பொம்பளைங்களுக்கு மல்லிகைப்பூவும் உன் பொறுப்புதான். அட்வான்ஸ் குடுத்தாச்சு, மீதி பணம் இந்தா, கூட ஐயாயிரம் வெச்சுக்க. பூ வெலை ஏறிருச்சுன்னா அந்த ஐயாயிரத்துக்குள்ள நீயே முடிவு பண்ணு, என்ட்ட கேக்காத. மாலையோட கலர மட்டும் மாத்தாத, அது பொண்ணு சொன்னது. சரி, இப்ப நீ என்ன பண்ணப் போற சொல்லு?"

கடைசி கேள்விதான் முக்கியம். அவன் திருப்பிச் சொன்னான், "சாயந்திரம் 4 மணிக்கு ரெண்டு செட்டும் வாங்கிட்டு வந்துர்றேண்ணே"ன்னு. ரெண்டு செட்டும் ஒண்ணா வாங்குனா முகூர்த்த மாலை வாடிரும்ல. கேக்காம விட்ருந்தா அப்படித்தான் நடந்திருக்கும், திட்டும் அவனுக்குத்தான் விழுந்திருக்கும், தப்பு என்னோடதா இருந்தாலும்.

அந்த ஐயாயிரத்த பத்தி இன்னும் கொஞ்சம் சொல்லணும். வேலைய குடுத்துட்டு காசு குடுக்கலன்னா வேலை நம்மகிட்டயேதான் இருக்குன்னு அர்த்தம். சித்தப்பா மக கல்யாணத்துல இதே தப்பத்தான் பண்ணேன், தண்ணி கேனுக்கு ஒருத்தன், ஐஸ்கிரீமுக்கு ஒருத்தன், ஜெனரேட்டர் டீசலுக்கு ஒருத்தன்னு ஆள் போட்டுட்டு பணத்த மட்டும் என்ட்டயே வெச்சிருந்தேன், மூணு பேரும் என்னத்தான் தேடி வந்தாங்க, நான் மேடையில போட்டோக்கு நின்னா கீழருந்து கை காட்றாங்க. இப்ப வேலை கூடவே ஒரு கவர் குடுத்துருவேன், மேல தொகை எழுதி, உள்ள ஒரு துண்டு பேப்பர், செலவ அதுல எழுதிக்கிட்டா போதும், பில்லு கெடச்சா பில்லு. பேசி முடிச்ச கூலிக்கும் இதே மாதிரி, மேளம், போட்டோ, ஐயர், மாலைக்காரர், லைட்டுக்காரர்னு தனித்தனி கவர், மேல மொத்தம் இவ்ளோ, அட்வான்ஸ் இவ்ளோ, பாக்கி இவ்ளோன்னு எழுதி மொத்த கட்டையும் பெரிய மாமாட்ட குடுத்துருவோம். வேலைய முடிச்சவங்க அவர்ட்ட போவாங்க. மாமாவுக்கும் அதுல ஒரு கெத்து, நமக்கும் நிம்மதி.

இதுவரைக்கும் சொன்னதெல்லாம் ஈஸி. கஷ்டம் எதுன்னா குடுத்த வேலைய திருப்பி பிடுங்காம இருக்கறது. கல்யாணத்தன்னிக்கு பழக்க தோசத்துல எல்லாரும் உங்ககிட்டதான் வருவாங்க. மாஸ்டர் வந்து "தம்பி, பாயசத்துக்கு இன்னும் ரெண்டு கிலோ வெல்லம் வேணும்"பாரு. வெல்லம் எங்க இருக்குன்னு உங்களுக்கு தெரியும், எடுத்து குடுக்க ரெண்டு நிமிசம்தான். குடுக்கக்கூடாது. "மதினிட்ட கேளுங்கண்ணே"ன்னு சொல்லி அனுப்பணும். ஒரு தடவ நீங்க குடுத்துட்டா அடுத்த தடவையும் உங்ககிட்டதான் வருவாரு, மதினி கணக்கும் ஒதைக்கும், அதவிட மோசம், மதினி "அப்பறம் எதுக்கு என்ட்ட சாவிய குடுத்தான்"னு நெனைக்கும். மொத மணி நேரத்துல ஒரு அஞ்சாறு தடவ இப்படி திருப்பி அனுப்புனா அப்பறம் அவங்களாவே வழி மாத்திக்குவாங்க.

இன்னொண்ணு, அவங்க செய்யற விதம் நீங்க செய்யற மாதிரி இருக்காது. என் மச்சான் பந்தி மேற்பார்வைய வேற மாதிரி பண்ணான், நான்னா ஒவ்வொரு வரிசைக்கும் ஒரு ஆள் நிக்க வெச்சிருப்பேன், அவன் ஒரே ஆளா வாசல்ல ஸ்டூல் போட்டு ஏறி நின்னு சத்தம் போட்டுட்டு இருந்தான். எனக்கு மானம் போகுது. ஆனா சாம்பார் கரெக்டா வந்துச்சு, எந்த வரிசையும் காயல. வாய மூடிட்டு போய்ட்டேன். சாப்பாடு கெட்டுப் போகுது, விருந்தாளி மனசு நோகுது, நகை பணம் சம்பந்தப்பட்டது, இந்த மூணுக்கு மட்டும் நடுவுல போகலாம், அதுவும் அந்த ஆள தனியா கூப்ட்டு. நாலு பேரு முன்னால "ஏன்டா இப்படி பண்ற"ன்னு கேட்டீங்கன்னா அவன் அந்த எடத்த விட்டு போயிருவான், அப்பறம் ஸ்டூல் மேல நீங்கதான் ஏறணும்.

அதுக்காக குடுத்துட்டு மறந்துரக்கூடாது. பதினஞ்சு நாளைக்கு முன்னாடி ஒரு தடவ, மூணு நாளைக்கு முன்னாடி ஒரு தடவ, முதநாள் ராத்திரி டிபன் முடிஞ்சதும் எல்லாரையும் மண்டப மொட்டமாடியில உக்கார வெச்சு ஒரு தடவ. அந்த ராத்திரி கூட்டத்துல நான் பேசறதே இல்ல, நோட்ட கையில வெச்சுட்டு ஒவ்வொருத்தரா அவங்கவங்க வேலைய சொல்லச் சொல்லுவேன். அங்கதான் "அய்யய்யோ, ஐயர் லிஸ்ட்ல நவதானியம் வாங்கல"ன்னு ஒருத்தர் எந்திரிப்பாரு, ராத்திரி பத்து மணிக்கு தெரியறது விடிகாலை அஞ்சு மணிக்கு தெரியறதுக்கு எவ்வளவோ மேல். மத்த நேரத்துல நொய்நொய்னு போன் அடிக்காதீங்க.

சாப்பாடு இலைக்கு இவ்ளோன்னு காண்ட்ராக்ட் விட்ருந்தீங்கன்னா இலை எண்ற ஆள விட்றாதீங்க. வந்த இலை எத்தன, கிழிஞ்சது எத்தன, மிஞ்சுனது எத்தனன்னு நம்ம பக்கமும் ஒரு கணக்கு இருக்கணும், பந்திக்கு எத்தன சேர், எத்தன பந்தி ஓடுச்சுன்னு கூடவே குறிச்சுக்கணும். ரெண்டு கணக்கும் பக்கத்துல வந்துச்சுன்னா பிரச்சனை இல்ல. இதுக்கு ப்ளஸ் டூ படிக்கற பையன் போதும், அவனுக்கு போன்ல கேம் மட்டும் இருக்கக்கூடாது.

எல்லாத்தையும் அடுத்தவங்களுக்கு குடுத்துற முடியாது. தாய்மாமனுக்கு பத்திரிகை வைக்கறது அப்பா அம்மா ரெண்டு பேரும் தட்டோட நேர்லதான் போகணும், கொரியர்ல போட்டா கதை கந்தல். சம்பந்தி வீட்ல ஏதாவது முகச்சுளிப்புன்னா அதுக்கு தூது அனுப்பக்கூடாது, நம்மளே போகணும். கடன் கேக்கறதும் அப்படித்தான். பழைய மனஸ்தாபத்துல இருக்கற சொந்தத்த கூப்பிடறதும் அப்படித்தான், சின்ன பையன அனுப்பி வெச்சா அவங்க வர்றதா இருந்தாலும் வர மாட்டாங்க.

யாராவது சொதப்பிட்டா? சொதப்புவாங்க. மாமா பையன் கல்யாணத்துல தாம்பூலப் பை போடறவங்க எண்ணாம போட்டு கடைசி எம்பது பேருக்கு பை இல்ல. அன்னிக்கு அத பேசிட்டு நிக்கக்கூடாது, ஆள அனுப்பி வெத்தல பாக்கு பழம் வாங்கி கையில குடுத்து அனுப்பியாச்சு. விசாரணை எல்லாம் மறு வாரம், அதுவும் "அடுத்த கல்யாணத்துல இத எப்படி பண்ணலாம்"ங்கற அளவுக்கு. இதுக்குத்தான் நோட்டுல முக்கியமான அஞ்சாறு வேலைக்கு மட்டும் பேருக்கு கீழ சின்னதா இன்னொரு பேரு எழுதி வைக்கறது, மொத ஆளுக்கு காய்ச்சல் வந்தா யாருன்னு.

முடிஞ்சப்பறம் இருக்கற வேலைக்கும் அன்னிக்கே ஆள் போட்டு வைங்க, இல்லன்னா எல்லாரும் ஊருக்கு கெளம்பிருவாங்க. பாத்திரம் எண்ணி ஒப்படைக்க ஒருத்தர், மீட்டர் ரீடிங்க முதநாள் எடுத்த போட்டோவோட ஒத்துப் பாத்து கரண்ட் காசு கட்ட ஒருத்தர், ரூம் ரூமா போய் சார்ஜரும் சீப்பும் பொறுக்க ஒருத்தர். கல்யாண பதிவுக்கும் ஒரு ஆள் வேணும், தமிழ்நாட்டுல 2009 சட்டப்படி எல்லா கல்யாணத்தையும் பதிவு பண்ணியே ஆகணும், 90 நாளைக்குள்ள. பத்திரிகையில நாலு காப்பி, ரெண்டு பேரோட வயசு, அட்ரஸ் ப்ரூஃப், போட்டோ, சாட்சிக்கு வர்றவங்க, இதெல்லாம் சேத்து ஒரு ஃபைல் போட்டு வெச்சுக்கற ஆளா பாத்து குடுங்க. தேனிலவு போய்ட்டு வந்து மாப்பிள்ளையே பாத்துக்குவாருன்னு விட்டா 89வது நாள்தான் ஞாபகம் வரும்.

அப்பறம் ஒரு வாரத்துக்குள்ள வேலை செஞ்ச ஒவ்வொருத்தர் வீட்டுக்கும் போய்ட்டு வாங்க, ஒரு வேட்டியோ ஒரு டப்பா ஸ்வீட்டோ. என்ன செஞ்சாங்கன்னு பேர் சொல்லி சொல்லுங்க, "மதினி, உங்க அட்டைய பாத்துத்தான் மளிகைக்காரன்ட்ட ஏழு லிட்டர் எண்ணெய் ரிட்டர்ன் குடுத்தோம்"னு. சின்ன மதினி அந்த அட்டைய இன்னும் பீரோல வெச்சிருக்கு, அடுத்து அவங்க தம்பி கல்யாணம் வருது, ஸ்டோர் ரூமுக்கு என்னைய போட்ருக்காங்க. சாவிக்கு கயிறு வாங்கியாச்சு.